பழைய டார்ச்சா, புது வெர்ஷனா? வீட்லயே வச்சு கம்பேர் பண்றது எப்படி

நாலஞ்சு வருஷமா ஒரு எல்.இ.டி. டார்ச் வச்சிருப்பீங்க, நல்லாத்தான் எரியும், திடீர்னு ஒரு நாள் ஷாப்பி ஆன்லைன் கடையில பாத்தா அதே பேர்ல வெர்ஷன் 2, வெர்ஷன் 3ன்னு புதுசா ஒண்ணு வந்து நிக்கும், லூமன்ஸ்ங்குற வெளிச்சக் கணக்குல பழசு 1000னா புதுசு 1700, 2000ன்னு போட்டிருக்கும், உடனே கை துறுதுறுங்கும். பினாங்குல விடியறதுக்கு முன்னாடியே கொடிமலை ஏறப் போற கூட்டத்துல இது எப்பவும் ஓடுற பேச்சு. வாங்கலாமா வேணாமான்னு கேக்குறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது ஒண்ணுதான், பொட்டியில இருக்குற நம்பர வச்சு முடிவு பண்ணாதீங்க, ரெண்டையும் ஒரே ராத்திரி ஒரே இடத்துல அரை மணி நேரம் எரிய விட்டுப் பாருங்க. சுவிட்ச் போட்ட முதல் நிமிஷம் எல்லா புது டார்ச்சும் கண்ணப் பறிக்கும். அரை மணி நேரம் கழிச்சு எவ்வளவு வெளிச்சம் மிச்சம் இருக்குன்னுதான் பாக்கணும், ஏன்னா மலையில நீங்க நடக்கப் போறது அந்த வெளிச்சத்துலதான்.

புது வெர்ஷன் கையில இல்லன்னா உங்க நடை கோஷ்டியில யாராச்சும் வச்சிருப்பாங்க, ஒரு நாள் கடன் கேளுங்க, டார்ச் பைத்தியம் இருக்குறவங்க யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

முதல்ல பழசுக்கு நியாயம் செய்யணும். இத நெறைய பேர் விட்டுர்றாங்க. அஞ்சு வருஷம் சார்ஜ் போட்டு போட்டு களைச்சுப்போன பேட்டரிய பழைய டார்ச்சுல வச்சிட்டு, புதுசுல புது பேட்டரிய வச்சிட்டு, ஆஹா புதுசு எவ்வளவு பிரைட்டுன்னா அது டார்ச்ச கம்பேர் பண்ணதே இல்ல, பேட்டரியத்தான் கம்பேர் பண்ணிருக்கீங்க. லித்தியம் பேட்டரி வயசாக ஆக உள்ளார ரெசிஸ்டன்ஸ் ஏறும், ஹை மோடு போட்ட உடனே வோல்டேஜ் படக்குன்னு இறங்கும், டார்ச் பாவம் இருக்குறத வச்சு எரியும். அதனால நல்ல 18650 சைஸ் பேட்டரி ஒண்ணு வாங்கி, முழுசா 4.2 வோல்ட் வரைக்கும் சார்ஜ் ஏத்தி, பழசுல போடுங்க. ரெண்டு டார்ச்சுமே 18650னா இன்னும் நல்லது, ஒரே பேட்டரிய மாத்தி மாத்தி போட்டு, ஒவ்வொரு தடவையும் ஃபுல் சார்ஜ் பண்ணி பாத்துரலாம்.

பேட்டரி வாங்கும்போது ஒரு விஷயம். 18650ன்னா 18 மில்லிமீட்டர் அகலம் 65 மில்லிமீட்டர் நீளம், அந்த சைஸ்ல இன்னைக்கு கெடைக்கிற நல்ல பேட்டரியே 3500 மில்லிஆம்ப்-அவர் சுமாருக்குத்தான் வரும். பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில, ஆன்லைன்ல எல்லாம் 9900ன்னு பிரிண்ட் பண்ணி சிவப்பு நீலமா விப்பாங்க, அது பச்சைப் பொய், அத வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க, சார்ஜ் போட்டுட்டு தூங்கப் போறது இன்னும் ஆபத்து. புது வெர்ஷன்ங்க நெறைய இப்ப 21700க்கு மாறிருச்சு, அது கொஞ்சம் குண்டு, 21 மில்லிமீட்டர் அகலம் 70 நீளம், 5000 மில்லிஆம்ப்-அவர் வரைக்கும் சாதாரணமா கெடைக்கும். புதுசு ரொம்ப நேரம் எரியுதுன்னா பாதி காரணம் இதுதான், எல்.இ.டி.யோட திறமை மட்டும் இல்ல.

பேட்டரி போடுறதுக்கு முன்னாடி பின்பக்க மூடிய கழட்டி, மரையையும் காண்டாக்ட் படுற இடத்தையும் காட்டன் பட்ஸ்ல ஆல்கஹால் தொட்டு துடைங்க. கருப்பா வரும் பாருங்க, அது அலுமினியத் தூளும் பழைய கிரீஸும் சேந்த அழுக்கு. நம்ம ஊர் ஈரக் காத்துக்கும் வேர்வைக்கும் அது சீக்கிரமே சேரும். துடைச்சிட்டு ரப்பர் ரிங்குல சிலிக்கான் கிரீஸ் லேசா தடவி மூடுங்க. மங்கிப்போச்சுன்னு டிராயர்ல தூக்கிப் போட்ட டார்ச் பல இந்த ஒரு வேலையிலயே திரும்ப எந்திரிச்சு உக்காந்துரும், அப்புறம் புதுசு வாங்குற யோசனையே வராது.

சரி, இப்ப பொட்டிய படிங்க. 2009ல அமெரிக்காவுல எஃப்.எல்.1னு ஒரு ஸ்டாண்டர்ட் வந்துச்சு, நல்ல கம்பெனிங்க அதப் பாத்துதான் லூமன்ஸ், தூரம், எரியுற நேரம் எல்லாம் சின்னச் சின்ன படமா போடுறாங்க. அதுல லூமன்ஸ் அளக்குறது சுவிட்ச் போட்டு 30 செகண்ட்லருந்து 2 நிமிஷத்துக்குள்ள. அதுக்கப்புறம் டார்ச் சூடேறி தானா வெளிச்சத்த குறைச்சுக்கிட்டா அது அந்த நம்பர்ல தெரியாது. எரியுற நேரம்னு போடுறதும் அப்படித்தான், ஆரம்ப வெளிச்சத்துல 10 சதவீதமா இறங்குற வரைக்கும் கணக்கு. 2000 லூமன்ஸ், 3 மணி நேரம்னு போட்டிருந்தா 2000 லூமன்ஸ்ல 3 மணி நேரம் எரியும்னு அர்த்தம் இல்ல, முதல் ரெண்டு மூணு நிமிஷம் 2000, அப்புறம் 600, அப்புறம் எங்கயோ 200ன்னு இழுத்துட்டுப் போயி மூணு மணி நேரம் காட்டலாம், அதுவும் ரூல்ஸ் படி சரிதான். அதுவும் இல்லாம அளக்குறது லேப்ல, 22 டிகிரி சுமார்ல. நம்ம ஊர்ல நடுராத்திரியில கூட அந்த குளிர் கெடைக்காது, அப்ப டார்ச் இன்னும் சீக்கிரமே சூடாகி இறங்கிரும்.

தூரம்ங்குறது இன்னொரு கணக்கு. லக்ஸ்னா ஒரு இடத்துல வந்து விழுற வெளிச்சத்தோட அளவு, அது 0.25 லக்ஸா குறையுற தூரத்த போடுவாங்க, அது பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவு. 300 மீட்டர்னு போட்டிருந்தா அங்க நிக்கிறது மாடா மனுஷனான்னு உங்களுக்கு தெரியும்னு நெனைக்காதீங்க, பாதி தூரத்துல நல்லா தெரிஞ்சா அதுவே நல்ல டார்ச்சு.

ஒரு நெஜ உதாரணம் சொல்றேன். ஃபீனிக்ஸ் பி.டி.35 நெறைய பேர் வச்சிருக்குற மாடல். வெர்ஷன் 2 1000 லூமன்ஸ், 250 மீட்டர். வெர்ஷன் 3 1700 லூமன்ஸ், 357 மீட்டர். பாக்குறதுக்கு பெரிய தாவல் மாதிரி இருக்கு. ஆனா நம்ம கண்ணு வெளிச்சத்த அப்படி நேரா கணக்குப் பண்ணாது, ரெண்டு மடங்கு பிரைட்டுன்னு மனசுக்கு தோணணும்னா சுமார் நாலு மடங்கு லூமன்ஸ் வேணும். 1000க்கும் 1700க்கும் பக்கத்துல பக்கத்துல வச்சா வித்தியாசம் தெரியும், தனித்தனியா குடுத்தா நெறைய பேருக்கு எது எதுன்னு சொல்லத் தெரியாது. இதுல உண்மையான முன்னேற்றம் தூரத்துலதான் இருக்கு, 250லருந்து 357ன்னா நடுவுல இருக்குற ஒளிக்கத்தையோட வலிமை, அதான் கேண்டெலா, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிருக்கு. எப்படின்னா தூரத்த பாதியாக்கி அந்த நம்பர அதாலயே பெருக்குனா கேண்டெலா வந்துரும், 125ஐ 125ஆல பெருக்குங்க 15,625, 178.5ஐ 178.5ஆல பெருக்குங்க 31,862. பொட்டியில கேண்டெலா போடாத டார்ச்சுக்கும் இந்தக் கணக்க போட்டுப் பாக்கலாம்.

லூமன்ஸ்னா டார்ச்சுலருந்து வெளிய வர்ற மொத்த வெளிச்சம், கேண்டெலான்னா அது ஒரே திசையில எவ்வளவு குவிஞ்சு போகுதுங்குறது, தோட்டத்து ஹோஸ்ல அதே தண்ணிய விரல வச்சு அமுக்குனா தூரமா பீச்சி அடிக்கிற மாதிரி. இது புரிஞ்சிருச்சுன்னா இன்னொரு விஷயமும் புரியும், புது வெர்ஷன்ல லூமன்ஸ் ஏறியும் தூரம் குறைஞ்சிருக்கலாம். 2010 கடைசியில க்ரீ கம்பெனி எக்ஸ்.எம்-எல்னு ஒரு எல்.இ.டி. விட்டப்ப ஒத்தை எல்.இ.டி.யிலயே 1000 லூமன்ஸ் வருதுன்னு எல்லாரும் அதுக்கு ஓடுனாங்க, அப்புறம் இன்னும் பெரிய எல்.இ.டி.ங்க வந்துச்சு. ஒளி வர்ற அந்த மஞ்சள் சதுரம் பெருசானா, ரிஃப்ளெக்டர் அதே சைஸ்ல இருந்தா, வெளிச்சம் அகலமா பரவும், தூரம் போகாது. மலைப்பாதையில நடக்குறவங்களுக்கு அகலம் நல்லது, கால் வைக்கிற இடம், ரெண்டு ஓரம் எல்லாம் தெரியும். பட்டர்வொர்த்துல என் மச்சான் பேக்டரியில ஜாகா, அதான் காவல் வேலை பாக்குறாரு, அவருக்கு வேலி ஓரம் கடைசி வரைக்கும் தெரியணும், அகலம் அவருக்கு உபயோகமே இல்ல. புது மாடல கையில குடுத்தப்ப கேட் கிட்ட நின்னு அடிச்சுப் பாத்துட்டு "மாப்ள, பக்கத்துல பகல் மாதிரி இருக்குடா, ஆனா அந்த மூலைல ஒண்ணும் தெரியல"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. லூமன்ஸ் அதுல ரெண்டு மடங்கு. அவருக்கு பழசுதான் சரி.

இப்ப நெஜமான டெஸ்ட்டு, வீட்டு பாத்ரூம்லயே பண்ணலாம். வெள்ளை சீலிங் இருக்குற சின்ன ரூம் போதும். ஆண்ட்ராய்டு போன்ல ஒரு லக்ஸ் மீட்டர் ஆப் போடுங்க, முன்பக்கம் கேமரா பக்கத்துல இருக்குற வெளிச்ச சென்சார்தான் அளக்கும். ஐபோன்ல ஆப்புங்களுக்கு அந்த சென்சார தொட விட மாட்டாங்க, அதுல வர்ற லக்ஸ் ஆப்பு எல்லாம் கேமராவ வச்சு கணக்குப் போடுறது, அதனால இதுக்கு யாராச்சும் வச்சிருக்குற ஆண்ட்ராய்ட வாங்கிக்குங்க. லைட்டெல்லாம் ஆஃப் பண்ணிட்டு டார்ச்ச தரையில சீலிங்கப் பாத்து நிமித்தி நிறுத்துங்க, நிக்கலன்னா ஒரு கிளாஸ்குள்ள வைங்க. போன ஒரு முழம் தள்ளி ஸ்கிரீன் மேல பாக்குற மாதிரி வைங்க, டார்ச் வெளிச்சம் நேரா போன் மேல படக்கூடாது, சீலிங்ல பட்டு திரும்பி வர்றதுதான் படணும். ரெண்டு டார்ச்சுக்கும் டார்ச் நிக்கிற இடம் போன் இருக்குற இடம் மாறவே கூடாது, தரையில டேப் ஒட்டி அடையாளம் வச்சுக்குங்க. சட்டை கலர் கூட மாத்தும், வெள்ளை சட்டை போட்டு பக்கத்துல நின்னா நம்பர் ஏறும், அதனால கதவுக்கு வெளிய நின்னு எட்டிப் பாருங்க.

30 செகண்ட்ல ஒரு நம்பர், 5 நிமிஷத்துல ஒண்ணு, 10ல ஒண்ணு, 30ல ஒண்ணு, பேப்பர்ல எழுதிக்குங்க. போன் காட்டுற லக்ஸ் சரியான லக்ஸா இருக்கணும்னு அவசியமே இல்ல, ரெண்டு டார்ச்சுக்கும் நடுவுல இருக்குற விகிதம்தான் வேணும். உதாரணத்துக்கு பழசு ஆரம்பத்துல 50, புதுசு 85ன்னு வருதுன்னு வைங்க, அடேங்கப்பான்னு இருக்கும். அரை மணி நேரம் கழிச்சு பழசு 24, புதுசு 27ன்னு வந்தா நீங்க காசு குடுக்கப் போறது அந்த முதல் சில நிமிஷத்துக்கு மட்டும்தான். கைக்குள்ள அடங்குற டார்ச்சுல இதுக்கு காரணம் எளிமையானது, அந்த சைஸ் அலுமினியத்தால வெளிய தள்ள முடியுற சூடு அவ்வளவுதான், எல்.இ.டி. எத்தனை பவரா இருந்தாலும் பெரும்பாலும் 500லருந்து 800 லூமன்ஸ் கிட்ட வந்துதான் உக்காரும். மாறா புதுசு 45லயே நிக்குதுன்னு வைங்க, அது நெஜமான முன்னேற்றம், தாராளமா வாங்குங்க. ஒரே மாதிரி வெளிச்சத்துக்கு புது எல்.இ.டி. கம்மி கரண்டு தின்னும், கம்மியா சூடாகும், அதனாலதான் அப்படி நிக்க முடியுது.

பாத்ரூம்ல காத்தே இல்லாம நிக்கிற டார்ச், கையில பிடிச்சு காத்துல நடக்குறப்ப விட சீக்கிரம் சூடாகும், அதையும் மனசுல வச்சுக்குங்க. முடிஞ்சா இன்னொரு நாள் கையில பிடிச்சுக்கிட்டு அஞ்சடி நடைபாதையிலயோ பிளாட் காரிடார்லயோ கொஞ்ச நேரம் நடந்துட்டு வந்து அதே இடத்துல வச்சு நம்பர் எடுங்க.

தூரம் அளக்கவும் அதே போன் போதும். காரிடார்ல 5 மீட்டர் டேப் வச்சு அளந்து, டார்ச் நடு வெளிச்சம் போன் சென்சார் மேல படுற மாதிரி அடிங்க, அதுல வர்ற பெரிய நம்பர 25ஆல பெருக்குனா கேண்டெலா. 400 லக்ஸ் காட்டுச்சுன்னா 10,000 கேண்டெலா, அப்ப தூரம் 200 மீட்டர். இந்தக் கணக்குல போன் தப்பு இருந்தாலும் ரெண்டு டார்ச்சுக்கும் ஒரே தப்புதான் வரும். பக்கத்து வீட்டுக்காரங்க முகத்துல மட்டும் அடிச்சிராதீங்க.

நிறம் பாக்குறது கண்ணால பண்ற வேலை. ரெண்டையும் வெள்ளைச் சுவத்துல பக்கத்துல பக்கத்துல அடிங்க. பழசு பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளையா இருக்கும், நிறத்த சொல்ற கெல்வின் கணக்குல 6500 சுமாரு. புதுசுல 5000, 4000ன்னு வெயில் மாதிரி, கொஞ்சம் மஞ்சளா கெடைக்கும். போட்டோ எடுத்து காட்டணும்னா கேமராவ புரோ மோட்ல வச்சு ஐ.எஸ்.ஓ., ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் மூணையும் ஒரே நம்பர்ல பூட்டுங்க, ஆட்டோல விட்டா கேமரா ரெண்டையும் ஒரே மாதிரி ஆக்கிரும், எந்த வித்தியாசமும் தெரியாது. அப்புறம் சி.ஆர்.ஐ.ன்னு ஒரு நம்பர் இருக்கும், 70ன்னா சாதாரணம், 90க்கு மேலன்னா கலர் எல்லாம் உள்ளது உள்ளபடி தெரியும். அதுக்கு விலையா லூமன்ஸ் குறையும், அதனால புது வெர்ஷன் பழச விட கம்மி லூமன்ஸ் போட்டு வந்தாலும் ஒதுக்கிராதீங்க. பொட்டானிக்கல் கார்டன்லருந்து கொடிமலைக்கு ஏறுற காட்டுப் பாதையில காஞ்ச எலை, வேரு, மண்ணு எல்லாமே பழுப்பு, நடுவுல பாம்பு கெடந்தா அதுவும் பழுப்பு, நீல வெளிச்சத்துல எல்லாம் ஒரே சாம்பலா தெரியும். எனக்கு கேட்டா இந்த ஒரு காரணத்துக்கே மாத்தலாம், லூமன்ஸுக்கு மாத்துறத விட இது எவ்வளவோ மேல். 833 மீட்டர் உச்சிக்கு கிட்டப் போனா பனிமூட்டம் வேற, அங்க டார்ச்ச தலை உசரத்துல பிடிக்காம இடுப்புக்கு இறக்குங்க, இல்லன்னா வெள்ளைச் சுவரு மாதிரி கண்ணுலயே திருப்பி அடிக்கும், அது எந்த வெர்ஷனா இருந்தாலும்.

வெளிய தெரியாத மாத்தம் ஒண்ணு இருக்கு, டிரைவர்னு சொல்ற உள்ள இருக்குற போர்டு. கான்வாய் எஸ்2 பிளஸ் மாதிரி பழைய டார்ச்சுங்கள்ல 7135ன்னு சின்ன சிப்பு, ஒண்ணு 350 மில்லிஆம்ப், எட்டு வச்சா 2.8 ஆம்ப், அவ்வளவு எளிமை. நல்ல போர்டுதான், ஆனா பேட்டரி ஒரு அளவுக்குக் கீழ இறங்குனதும் வெளிச்சமும் கூடவே இறங்கும், கம்மி மோடுல பட்டு பட்டுன்னு அணைச்சு அணைச்சு எரிய வைக்கும். போன் கேமராவ கம்மி மோட்ல பிடிச்சுப் பாருங்க, கோடு கோடா ஓடுனா அதான். நல்ல புது வெர்ஷன்ங்கள்ல பேட்டரி வோல்டேஜ ஏத்திக் குடுக்குற பூஸ்ட் டிரைவரோ, இறக்கிக் குடுக்குற பக் டிரைவரோ இருக்கும், வெளிச்சம் ஒரே சீரா நிக்கும், கோடு வராது. ஆனா எல்லா புதுசும் அப்படி இல்ல, செக் பண்ணாம நம்பாதீங்க.

புதுசுல பக்கவாட்டு எலக்ட்ரானிக் பட்டன்னா அது அணைஞ்சிருந்தாலும் கொஞ்சம் கரண்டு குடிச்சுக்கிட்டே இருக்கும், பழைய பின்பக்க கிளிக் சுவிட்ச் அறவே குடிக்காது. கரண்டு போனா எடுக்கலாம்னு டிராயர்ல மாசக்கணக்கா வைக்கிற டார்ச்சுன்னா இது முக்கியம், மூடிய கால் சுத்து தளர்த்தி வச்சுருங்க, அது போதும். பையில தானா எரிஞ்சு துணிய பொசுக்குறதுக்கும் அதே வைத்தியம்தான்.

சார்ஜ் போர்ட்டு டைப்-சியா இருந்தா சந்தோஷம்தான், ஆனா ரெண்டு பக்கமும் டைப்-சி இருக்குற கேபிள், போன் சார்ஜர் வச்சு கண்டிப்பா சொருகிப் பாருங்க. சில மலிவு டார்ச்சுல போர்ட்ட மட்டும் மாத்திட்டு, அதுக்கு வேண்டிய 5.1 கிலோஓம் ரெசிஸ்டர வைக்க மாட்டாங்க, அப்ப பழைய சதுர யூ.எஸ்.பி. கேபிள்ல மட்டும்தான் ஏறும், டைப்-சி டு டைப்-சி போட்டா செத்த மாதிரி கெடக்கும். டார்ச் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சிராதீங்க. போர்ட்டு மூடுற ரப்பர் இறுக்கமா உக்காருதான்னும் பாருங்க, நம்ம மழைக்கு அந்த ரப்பர் தளர்ந்தா தண்ணி புகாதுன்னு பொட்டியில போட்ட ஐ.பி. நம்பரெல்லாம் சும்மா.

அப்புறம் யார் கையில குடுக்கப் போறீங்கன்னு யோசிங்க. புது வெர்ஷன்ல ஒரு தடவை அமுக்குனா ஒண்ணு, ரெண்டு தடவை அமுக்குனா ஒண்ணு, பிடிச்சிருந்தா ஒண்ணு. எங்க அம்மா இருட்டுல கேக்குறது "எங்கடா அமுக்கணும்?" அவ்வளவுதான். டெஸ்ட் பண்றப்ப லைட்ட அணைச்சிட்டு, ஒண்ணுமே சொல்லிக் குடுக்காம வீட்டுப் பெரியவங்க கையில ரெண்டையும் குடுங்க. எத அவங்க தானா போட்டு, அவங்களே அணைக்கிறாங்களோ அது வீட்டுல இருக்கட்டும், இன்னொண்ண நீங்க மலைக்கு எடுத்துட்டுப் போங்க.

ஆன்லைன்ல வாங்குறதா இருந்தா இந்த டெஸ்ட்டெல்லாம் பார்சல் வந்த அன்னைக்கு ராத்திரியே முடிச்சிருங்க, ஆப்புல "ஆர்டர் ரிசீவ்ட்" பட்டன அமுக்குறதுக்கு முன்னாடி, ஏன்னா அதுக்கப்புறம் கடைக்காரர்கிட்ட திருப்பிக் குடுக்குறது ரொம்ப இழுபறி. அரை மணி நேர நம்பர் எழுதுன பேப்பரையும் போட்டோவையும் வச்சுக்குங்க, சொன்ன வெளிச்சம் வரலன்னு சொல்லும்போது அதத்தான் அனுப்பணும். பொட்டிய பிளாஸ்டிக்கோட பத்திரமா வைங்க, பேட்டரியத் தனியா எடுத்து ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டி திருப்பி அனுப்பலாமான்னு முதல்ல சேட்ல கேட்டுக்குங்க, லித்தியம் பேட்டரி பார்சல சில கூரியர்காரங்க எடுக்க மாட்டாங்க.